படலை மட்டும்

தயாபரன் சுவிசில் ஓர் உணவகச் சமையலறையில் விழுந்து இறந்தான். உடலை ஊருக்குக் கொண்டுவர முடியாது, அங்கேயே எரிப்போம் என்று அவன் மனைவி லவீனா சொன்னாள். தாய் பராசக்தி உடுப்பிட்டியில் தனியாக இருந்தாள். அவளிடம் ஒரு ரப் இருந்தது.

ரப்பை வாங்கி அனுப்பியவன் தயாபரன்தான். கையில் பிடிக்கும் அளவுக் கணினி. அதற்குச் சிம் கிடையாது. தானாக இணையத்துக்குப் போகாது. பக்கத்தில் ஒரு போன் இருந்து அதற்கு ஹொட்ஸ்பொட் கொடுக்க வேண்டும். பராசக்தியின் போன் பொத்தான் போன். ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் ரப்பைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போய்ப் பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கணவனின் தமையன் கனகரட்ணத்தின் வீடு. அவர் மகள் தனுஷிகா தன் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போடுவாள். ரப்பின் மூலையில் மூன்று வளைவுகள் தோன்றும். தயாபரன் வருவான்.

"சின்னம்மா, வந்திட்டுதோ?"

"ஓம் பிள்ளை, வந்திட்டான்."

கனகரட்ணம் அந்த நேரத்தில் முற்றத்துக்கு வருவதில்லை. தன் மனைவி இராசம்மாவின் தங்கை மகளைத் தயாபரனுக்குப் பேசி, சொல்லும் கொடுத்திருந்தார். தயாபரன் குருநகர்க் கத்தோலிக்கப் பெண் லவீனாவைக் கட்டிவிட்டுப் படம் அனுப்பினான். படம் வந்ததும் இந்த ரப்பில்தான். பராசக்தி பார்த்துவிட்டு, பெட்டை வடிவு என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் அது கேட்டது.

செத்த செய்தி வந்ததும் கனகரட்ணம் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பராசக்தியின் கணவன் இறந்த பிறகு அந்த வீட்டுக்கு ஆண் என்று சொல்ல அவர்தான்.

"சொல்லாமல் கட்டினான். சொல்லாமல் செத்தான்" என்றார். "எல்லாம் ஒரே ஒழுங்குதான்."

பராசக்தி அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டாள்.

எரிப்பதற்கு முதல்நாள் லவீனா பேசினாள். அன்றும் தனுஷிகாவின் போன்தான். லவீனாவின் குரல் கட்டிப்போயிருந்தது.

"மாமி, நாளைக்கு மண்டபத்திலை எல்லாரும் நிப்பினம். அங்கை கதைக்க ஏலாது. பிறகு பெட்டியை மூடி உள்ளுக்குக் கொண்டுபோவினம். அங்கை வீட்டாக்களுக்கு மட்டும் திரும்ப ஒருக்கால் திறந்து காட்டுவினம். அப்ப போனை அவரின்ரை காதடியிலை பிடிக்கிறன். நீங்கள் சொல்ல இருக்கிறதைச் சொல்லுங்கோ."

"அவனுக்குக் கேக்குமே பிள்ளை?"

"கேக்கும் எண்டு நினைச்சுச் சொல்லுங்கோ மாமி."

என்ன சொல்வது என்று பராசக்தி யோசித்தாள். போர் முடிந்த மறுவருடம் தயாபரன் கொழும்புக்கு என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்ததாக அவன் குரல் சுவிசிலிருந்து வந்தது. அவனை அவள் வழியனுப்பவில்லை. வீட்டை விட்டுப் புறப்படுகிறவனிடம் போ என்று சொல்லக்கூடாது. போட்டு வா என்று சொல்ல வேண்டும். சந்திக் கடைக்குப் போகிறவனுக்கும் அதுதான். ஆனால் செத்தவனிடம் வா என்று சொல்ல முடியாது. செத்தவர் வரக்கூடாது. இரவு முழுக்கச் சொற்களைக் கழித்துக் கழித்துக் கடைசியில் ஒன்றை மிச்சம் வைத்தாள்.

போ மோனை.

அது அவனுக்கு அவள் ஒருநாளும் சொல்லாத சொல். அதை மட்டும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

காலையில் வேலியடியில் இராசம்மா நின்றாள்.

"பராசக்தி, ஒண்டு சொல்லுறன், குறை நினையாதை. தனுவின்ரை போனிலை இண்டைக்கு வேண்டாம்."

"ஏன் அக்கா?"

"இவளுக்குப் பேசின மாப்பிள்ளை பகுதி படம் அனுப்பினது உந்தப் போனுக்கு. பெடியன் பின்னேரத்திலை கதைக்கிறதும் உதிலைதான். பிரேதம் அதுக்குள்ளாலை வாறது சரியில்லை."

"பிரேதம் போனுக்குள்ளாலை வாறேல்லை அம்மா" என்று உள்ளேயிருந்து தனுஷிகா சொன்னாள்.

"பின்னை எதுக்குள்ளாலை வருகுது? நீ சும்மா இரு."

கனகரட்ணம் குளித்துவிட்டு வந்து நின்றார். வேட்டி நுனியால் காதைத் துடைத்தார். மனைவி சொன்னதைத் தன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"அவள் சொல்லுறது சரி. என்ரை போனிலை எடுப்பம். ஆம்பிளையின்ரை போன். வந்தாலும் பாதகமில்லை."

பராசக்தி கும்பிட்டாள். உண்மையாகவே கும்பிட்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு முற்றத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள். நிழலுக்குத் தறப்பாள் கட்டியிருந்தது. விறாந்தையில் ஒரு முக்காலி வைத்து, வெள்ளை விரித்து, ரப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு. ரப்புக்குத் தலைமாடு எது என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கமரா இருக்கிற பக்கம் என்று முடிவாயிற்று.

கனகரட்ணம் ஹொட்ஸ்பொட்டைப் போட்டார். ரப்பில் அவர் பெயர் வந்தது. கடவுச்சொல்லை அவர் யாருக்கும் சொல்லவில்லை. ரப்பை வாங்கி, மற்றப் பக்கம் திரும்பி நின்று தானே அடித்தார். மூன்று வளைவுகள் வந்தன. மண்டபம் வந்தது. பெட்டி வந்தது.

பெண்கள் குரல் வைத்தார்கள். பராசக்தி அழவில்லை. படம் சின்னது. அழுதால் தெரியாது.

"ஐயர் கோட்டுப் போட்டிருக்கிறார்."

"குளிர்தானே."

"அங்கை இப்ப வெயில் காலமாம்."

"சிலுவை வைப்பினம் எண்டெல்லோ சொன்னவை" என்று ஒருத்தி கேட்டாள்.

இராசம்மா கிட்டப் போய்ப் பார்த்தாள். தேவாரம் கேட்டது. பெட்டியின் மேல் வில்வமாலை கிடந்தது. "உள்ளுக்கு எங்கையும் வைச்சிருப்பினம்" என்றாள்.

"பொம்பிளையளும் நிக்கினம், பார்."

"அங்கை எரிக்கிற இடம் மட்டும் போவினமாம்."

"உதாலைதான் மழை இல்லை."

கனகரட்ணம் முற்றத்தின் நடுவே எழுந்து நின்றார். கோயில் கூட்டங்களில் பேசிப் பழகியவர்.

"பராசக்தி, கேள். எல்லாரும் கேளுங்கோ. செத்தவீடு எண்டால் ஒரு முறை இருக்கு. பிரேதம் இல்லையெண்டு முறையை விடேலாது. அவன் இண்டைக்கு இந்த வீட்டுக்கு எதுக்காலை வந்தவன்? இந்தப் போனுக்காலை. அப்ப இதுக்காலைதான் போகவும் வேணும். அங்கை பெட்டி தூக்கேக்கை நாங்கள் இஞ்சை போனைத் தூக்குவம். ஆம்பிளையள் சந்தி மட்டும் கொண்டுபோவம். அங்கை வைச்சு நான் ஹொட்ஸ்பொட்டை நிப்பாட்டுவன். அதுதான் கொள்ளி. பொம்பிளையள் படலை மட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. சிலர் தலையை ஆட்டினார்கள்.

"சந்தி மட்டும் சார்ச் நிக்குமோ அண்ணை?" என்று சிவபாதம் கேட்டார். அவர் பக்கத்து ஒழுங்கையில் குடியிருப்பவர். எல்லாச் செத்தவீட்டிலும் பாடைக்கு ஒரு தோள் கொடுப்பவர்.

"நிக்கும்."

"பாரமும் இல்லை. நல்லது."

பராசக்தி எழுந்து கனகரட்ணத்திடம் போனாள். மெதுவாகச் சொன்னாள்.

"அத்தான், உள்ளுக்குக் கொண்டுபோய்த் திரும்ப ஒருக்கால் திறப்பினமாம். என்னைக் கதைக்கச் சொன்னவள். அது மட்டும் பொறுங்கோ."

"தூக்கின பெட்டியைத் திறக்கிற முறை எங்கை இருக்கு?"

"அங்கை அப்பிடியாம்."

"இது உடுப்பிட்டி."

"போனை இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ அத்தான். வெறுங்கையோடை போட்டு வாங்கோ. நான் கதைச்சு முடியத் தாறன்."

"வெறுங்கையோடை போறதுக்குப் பேர் செத்தவீடோ, உலாத்தலோ?"

இரண்டு பேர் சிரித்தார்கள். கனகரட்ணம் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "வடிவான மருமகளெல்லோ. படம் பிடிச்சு அனுப்புவாள். பிறகு இருந்து பார்."

ரப்பில் லவீனாவின் முகம் வந்தது. "மாமி, உள்ளுக்குப் போறம். வைச்சிடாதையுங்கோ. இப்ப திறப்பினம்."

பின்னால் நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள்.

"தூக்கியாச்சு" என்றார் கனகரட்ணம்.

போனை ஒரு வெள்ளைத் துண்டில் வைத்து இரண்டு கையாலும் ஏந்தினார். ஆண்கள் பின்னால் சேர்ந்தார்கள். யாரோ திருவாசகம் தொடங்கினார்கள். பெண்கள் குரல் வைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தார்கள். பராசக்தி முக்காலியிலிருந்து ரப்பை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூட வந்தாள். படலைக்கு வந்ததும் பெண்கள் நின்றார்கள். அது ஒருவரும் சொல்லி நிற்பதல்ல. கால் நிற்கும். அவளுடைய காலும் நின்றது.

ஆண்கள் ஒழுங்கையில் இறங்கினார்கள்.

மூன்று வளைவுகள் இரண்டாயின. லவீனாவின் குரல் துண்டு துண்டாக வந்தது. நீளமான நடை, வெள்ளைச் சுவர், ஒரு கதவு. ஒரு வெள்ளைக்காரனின் கை கதவின் பிடியில் இருந்தது. அது அப்படியே நின்றது. படத்தின் நடுவே ஒரு வட்டம் வந்து சுற்றத் தொடங்கியது.

"என்ன, அடங்கிப்போச்சோ?" என்று ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஆரும் ஒருக்கால் ஹொட்ஸ்பொட் போடுங்கோ" என்றாள் பராசக்தி. "கொஞ்ச நேரம். ஒரு சொல்லுத்தான்."

பெண்களில் பாதிப் பேர் கையில் போன் இருந்தது. ஒருத்தி தன் போனைச் சேலை மடிப்புக்குள் வைத்தாள். இன்னொருத்தி, மகள் பிள்ளைத்தாச்சி என்றாள். மூன்றாமவள் தன்னுடையதில் டேற்றா இல்லை என்று சொன்னபோது அவள் கையில் பாட்டு ஒன்று ஓடத் தொடங்கியது. அவசரமாக நிற்பாட்டினாள்.

தனுஷிகா போனை எடுத்துவிட்டாள். விரல் திரையில் இருந்தது. இராசம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடிக்கவில்லை.

"போடு. போட்டால் இண்டைக்கே பெடியனுக்கு நானே எடுத்துச் சொல்லுவன், உன்ரை போனுக்குள்ளாலை ஒருத்தன் சுடலைக்குப் போனவன் எண்டு."

தனுஷிகா சின்னம்மாவைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். பிறகு திரை தானாக இருண்டது.

பராசக்தி படலையைத் தாண்டினாள்.

பின்னால் ஒப்பாரி நின்றது. "எடியே பராசக்தி" என்று இராசம்மா கூப்பிட்டாள். ஒழுங்கையில் மணல். அவள் ஓடினாள். ஒரு செருப்பு கழன்றது. ஆண்கள் முக்கால்வாசித் தூரம் போயிருந்தார்கள். ரப்பை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வட்டம் சுற்றியது. ஒரு வளைவு வந்தது. போனது. பிறகு வந்தது.

"மாமி. மாமி, கேக்குதோ? திறந்தாச்சு."

முதலில் லவீனாவின் கழுத்து. பிறகு விளக்கு. பிறகு அவன். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு. கன்னத்துக்கு ஏதோ பூசியிருந்தார்கள், அவனைவிட வெள்ளையாக. படம் கிட்டப் போனது. காது மட்டும் தெரிந்தது. சின்னதில் குத்திய துளை தூர்ந்து ஒரு புள்ளியாக இருந்தது. குத்தியபோது அவன் கத்திய கத்தல் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"காதடியிலை பிடிச்சிருக்கிறன் மாமி. சொல்லுங்கோ."

அவளுக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

வளைவு மறைந்தது. காது நின்றது.

கனகரட்ணம் சந்திக்கு வந்துவிட்டார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். அவள் கிட்ட வந்தாள். ஒரு வளைவு வந்தது. இரண்டாயிற்று. காது மறுபடி அசைந்தது. லவீனாவின் பெருவிரல் அதன் ஓரத்தில் தெரிந்தது.

"நிப்பாட்டாதையுங்கோ அத்தான்."

"பாருங்கோடாப்பா" என்றார் கனகரட்ணம், ஆண்களிடம். "பொம்பிளை சந்திக்கு வந்திட்டா. குருநகர்ப் பழக்கம் ரப்பாலையும் தொத்தும்போலை."

"அத்தான், ஒரு சொல்லு."

"இனி என்ன, கொள்ளியையும் நீயே வையன். இந்தா."

துண்டோடு போனை நீட்டினார். அவள் ஒரு கையை நீட்டினாள். அவர் போனை உயர்த்தினார், மிட்டாய் காட்டி ஒளிக்கிற மாதிரி. சிவபாதம் சிரித்துவிட்டார். பிறகு மற்றவர்களும். கனகரட்ணம் பெருவிரலைத் திரையின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு வைத்திருந்தார்.

பராசக்திக்கு மூச்சு வந்தது.

"கட்டையிலை போ" என்றாள்.

உரத்து, தெளிவாக, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் அவரை நீ என்று சொன்னதில்லை. சந்தியில் நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

கனகரட்ணம் பெருவிரலை அழுத்தினார்.

அவள் குனிந்து பார்த்தாள். காது இருந்தது. அசையவில்லை. வட்டம் சுற்றியது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அடுத்தநாள் பொத்தான் போன் அடித்தது. லவீனா.

"மாமி, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

பராசக்தி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஸ்பீக்கரிலை விட்டிருந்தன். அவருக்கு நல்லாக் கேக்கவேணும் எண்டு. என்ரை அம்மாவும் நிண்டவ. பெட்டி மூட வந்தவனுக்கு மட்டும்தான் விளங்கேல்லை."

"அது அவனுக்குச் சொன்னதில்லைப் பிள்ளை. அத்தானுக்கு."

"பெரியமாமாவுக்கோ?"

"ஓம். போனை நிப்பாட்டப் போனவர்."

"பெரியமாமாவை நீங்கள் வாங்கோ போங்கோ எண்டுதானே சொல்லுறனீங்கள். அவர் இல்லாத இடத்திலையும் அப்பிடித்தான். நான் எத்தினை தரம் கேட்டிருக்கிறன். போ எண்டு சொன்னது கேட்டது மாமி."

சொல்லலாம் என்று எடுத்துவைத்திருந்த சொல் அதுதான். அது மட்டும் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள்."

"என்னைக் கட்டினதுக்கோ?"

"இல்லையடி பிள்ளை."

"செத்த பிறகுமோ மாமி?"

லவீனா வைத்துவிட்டாள். பராசக்தி திரும்ப எடுத்தாள். மணி அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்தார்கள். கிரியையைக் கனகரட்ணம் செய்தார். பின்னேரம் சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு விறாந்தையில் இருந்து வெற்றிலை போட்டார். சந்தியில் நடந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஊர் இருந்தது.

"துடக்குக் கழிஞ்சுது. அந்த ரப்பைக் கொண்டா. மருமகளோடை கதைக்கேல்லையே? நான் போட்டு விடுறன்."

"வேண்டாம் அத்தான்."

"கொண்டா எண்டுறன்."

கொண்டுவந்தாள். அவர் போனைத் தட்டினார். கடவுச்சொல் கேட்கவில்லை. ரப் அவரை ஞாபகம் வைத்திருந்தது. மூன்று வளைவுகள் வந்தன. லவீனாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தலையும் இரண்டு தோளும் இருந்தன. பராசக்தி அதைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டாள்.

கனகரட்ணம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மூலையில் இருந்த வளைவுகளைப் பார்த்தார்.

"வடிவா இழுக்குது, என்ன?"

"ஓம் அத்தான்."

அவர் எழுந்து போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "அப்ப நான் வாறன்."

பராசக்தி ரப்போடு அவர் பின்னால் நடந்தாள். படலையில் நின்றாள்.

"போட்டு வாங்கோ அத்தான்."

அவர் ஒழுங்கையில் இறங்கினார். வளைவுகள் இரண்டாயின. பிறகு ஒன்று.